உடம்புக்கு ஒத்துக்கல

செங்கம் ரோட்டில் புதிதாகத் தோல் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் பிரியா போன மாதம் வீட்டுக்கு வந்தார். மாவட்டத் தோல் மருத்துவர்கள் சேர்ந்து கொண்டுவரும் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை வேண்டுமாம்.

"நம்ம ஊர்ல முதமுதல்ல முகச் சுருக்கத்துக்கு ஃபில்லர் போட்டது நீங்கதான்னு சொல்றாங்க சார். அதைப் பத்தி எழுதுங்க. நாங்கல்லாம் இப்ப வாரத்துக்குப் பத்து பேருக்குப் போடறோம்."

"பயமா இல்லயாம்மா?"

"என்னா சார் பயம்? ஏதாவது ஆனா கரைக்கிறதுக்குத்தான் ஊசி இருக்குதே."

எழுதித் தருகிறேன் என்றேன். இரண்டு முறை எழுதினேன். இரண்டும் நன்றாகவே வந்தன. ஒரு சின்ன ஊருக்குப் புதிய சிகிச்சையை நான் எப்படிக் கொண்டுவந்தேன், யார் யார் பாராட்டினார்கள் என்றெல்லாம் இருந்தது. படித்துப் பார்த்துவிட்டு இரண்டையும் கிழித்துப் போட்டேன். அவற்றில் என் மனைவி உண்ணாமலை இல்லை. அவள் இந்த வீட்டிலும் இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய தவறு அவள் நெற்றியில்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் பிரியாவுக்குப் பயன்படாது என்று தோன்றியது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் மருத்துவம், பிறகு தோல் நோய்ப் பிரிவில் பட்டயம், பிறகு நான்கு வருஷம் அரசு வேலை. அந்த நான்கு வருஷமும் தொழுநோய்தான். பஞ்சுத் திரியால் தோலைத் தொட்டு, "தெரியுதா? இங்க தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போவேன். திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரான 1989இல் வேலையை விட்டுவிட்டு, தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் கிளினிக் வைத்தேன். படை, சொறி, தேமல், தலையில் பூச்சிவெட்டு. நல்ல கூட்டம்.

ஃபில்லர் போடக் கற்றது சில வருஷம் கழித்து. சென்னையில் எங்கள் பழைய பேராசிரியர் டாக்டர் ராஜேஸ்வரி தன் சொந்த கிளினிக்கில் அதை ஆரம்பித்திருந்தார். எங்களுக்குள் அவரைச் சீஃப் என்றுதான் சொல்வோம். ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியற்காலை பஸ் பிடித்துப் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

இன்றைக்கு இருக்கும் மருந்து அன்றைக்கு இல்லை. அப்போது கிடைத்தது மாட்டுத் தோலிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த கொலாஜன். வெளிநாட்டிலிருந்து ஊசிக்குழாயில் அடைத்தே வரும். பார்க்கக் கஞ்சி போல வெள்ளையாக இருக்கும். கோடு விழுந்த இடத்தில், தோலின் உள்ளடுக்கில், மெல்லிய ஊசியால் சிறிது சிறிதாக ஏற்றினால் பள்ளம் மேடாகும், கோடு மறையும். நாலைந்து மாதத்தில் உடம்பு அதைக் கரைத்துவிடும், கோடு திரும்பி வரும். வலி தெரியாமல் இருக்க, மரத்துப்போகிற மருந்தும் அதிலேயே கலந்திருக்கும். இந்தக் கடைசி விஷயம் பின்னால் வரப்போகிறது என்பதால் சொல்லி வைக்கிறேன்.

சீஃப் வேலை செய்யும் விதம் எனக்கு இன்றும் கண் முன்னால் நிற்கிறது. முதலில் நாற்காலியை நோயாளியின் எதிரே இழுத்துப் போட்டு உட்காருவார். "இது மாட்டுத் தோல்லேருந்து எடுத்தது. சம்மதமா?" என்று கேட்பார். அவ்வளவுதான், பூசி மெழுகல் கிடையாது. சிலர் அப்போதே பையை எடுத்துக்கொண்டு எழுந்து போவார்கள். போகிறவர்களை வாசல்வரை போய் வழியனுப்புவார். சம்மதித்தவர்களுக்கு முன்கையில் ஒரு சொட்டு போட்டு, நான்கு வாரம் கழித்து வரச் சொல்வார். அந்த இடம் சிவக்கவில்லை, தடிக்கவில்லை என்றால்தான் முகத்தில் கை வைப்பார்.

ஊசி போடும் அன்று நெற்றி வெறுமையாக இருக்க வேண்டும். ஒரு முறை ஒரு மயிலாப்பூர் அம்மாள் தகராறு செய்தார்.

"கோயில் விபூதி டாக்டர். எப்படி அழிக்கிறது? சாமி கோவிச்சுக்கும்."

"சாமி கோவிச்சுக்காது. நான் கோவிச்சுப்பேன்" என்று சொல்லி, ஈரப் பஞ்சால் சீஃப் தானே துடைத்துவிட்டார்.

போட்டு முடித்ததும் நோயாளியை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைப்பார். பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார். ஊசி போட்ட இடத்தை விரலால் அழுத்தி எடுத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவார். இரண்டுக்குள் வெளுத்த தோல் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு அன்றைய செய்தித்தாளைக் கொடுத்து ஒவ்வொரு கண்ணையும் மூடிக்கொண்டு உரக்கப் படிக்கச் சொல்வார். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அழுத்திப் பார்ப்பார். அன்று முழுக்கப் பொட்டு, விபூதி, பவுடர் எதுவும் கூடாது.

வீக்கம், கன்றிப்போவது, சின்னக் கட்டி, சீழ், அலர்ஜி எல்லாம் எந்த ஊசிக்கும் வரக்கூடியவை. புருவ நடுவில் அபாயம் வேறு. அங்கே ரத்தக் குழாய்கள் நூல் போல இருக்கும். ஒன்று அடைத்தால் ரத்தம் வேறு வழியில் வந்து சேர வழி கம்மி. மருந்து குழாய்க்குள் போய்விட்டாலோ, வெளியே நின்று அதை நெரித்தாலோ, அந்த இடத்துத் தோல் வெளுக்கும். உடனே கவனிக்காவிட்டால் செத்துவிடும். அந்தக் குழாய்களில் சில கண்ணுக்குப் போகும் குழாய்களோடு சேர்ந்தவை. பார்வையே போய்விடலாம். செய்தித்தாள் அதற்காகத்தான்.

"நமக்கு உள்ள நடக்கிறதைக் காட்டுறது தோலோட நிறம் ஒண்ணுதான், சம்பந்தம்" என்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்வார் சீஃப். "அதை மூடிட்டா நீ கண்ணைக் கட்டிக்கிட்டு வைத்தியம் பண்ற மாதிரி."

என் கிளினிக் மேசையில் ஒரு பித்தளைச் சம்புடம் இருந்தது. அதில் விபூதி. ஊசி போட்டாலும் சரி, மருந்துச்சீட்டு எழுதினாலும் சரி, நோயாளி எழுந்திருக்கும்போது ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துவிடுவேன். தொடங்கியது பக்தியில்தான். பிறகு அது என் அடையாளமாகிவிட்டது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஜனங்கள் கீழே கடையில், "விபூதி டாக்டர் வந்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். கைராசிக்காரர் என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

ஃபில்லர் கேட்டு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுப் பெண்மணிகள் சிலர், ஜவுளிக் கடைக்காரர் வீட்டம்மா, ஒரு வக்கீல். முதல் நாலைந்து பேருக்குச் சீஃப் சொன்னபடியே செய்தேன். பிறகு ஒருவர் எழுந்திருக்கும்போது பழக்கத்தில் கை சம்புடத்துக்குப் போய்விட்டது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்தவருக்கும் வைத்தேன், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. வெளிநாட்டுப் பெண்கள் நம்மைவிட ஜாஸ்தியாகக் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டார்கள்.

உண்ணாமலை அப்போது அரசு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகுதான் கண்ணாடி போட்டாள். கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பார்த்தே இரண்டு புருவங்களுக்கும் நடுவில் செங்குத்தாக இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'ரெண்டுகோடு நோட்டு' என்று பெயர். அவளே வந்து சொல்லிச் சிரிப்பாள்.

"இங்கிலீஷ் டீச்சருக்கு நெத்தியில நாலு கோடுங்க. அவங்க நாலுகோடு நோட்டாம். புள்ளைங்களுக்கு எப்படி மூளை வேலை செய்யுது பாருங்க!"

கோடுகளை எடுக்க வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை. இதை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும். கேட்டது நான்.

"ஊருக்கெல்லாம் சுருக்கம் எடுக்கிறாரு, சொந்தப் பொண்டாட்டி மூஞ்சி கோவமா கெடக்குதேன்னு பேச மாட்டாங்களா?"

"பேசினா பேசட்டும். இந்தக் கோடு இல்லன்னா ஒம்பதாம் கிளாஸ் பொண்ணுங்க எனக்குப் பயப்படுமா?"

"அஞ்சு மாசம்தான். அப்புறம் தானா வந்துடும்."

"வந்துடும்னா எதுக்கு எடுக்கணும்?"

ஒரு மாதம் விடாமல் பேசினேன். அவள் முகத்தை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. விளம்பரம் என்று அன்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. கடைசியில், மாட்டுத் தோல் சமாச்சாரத்தைச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, "காமதேனுவே நெத்தியில வந்து உக்காருதுன்னு நெனச்சுக்கறேன், போடுங்க" என்றாள். கையில் பரிசோதனை ஊசி போட்டேன். நான்கு வாரம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நானே நோட்டில் எழுதினேன்: ஒவ்வாமை இல்லை.

அன்று பிரதோஷம். பள்ளி விட்டதும் கிளினிக்குக்கு வந்தாள். நாலு மணி. நோயாளிகள் ஐந்து மணிக்குத்தான் வருவார்கள். நர்ஸ் ஜரீனா சீக்கிரமே வந்திருந்தாள். பக்கத்தில் கட்டட வேலை நடந்து சிமென்ட் தூசி பறந்ததால் ஜன்னலைச் சாத்தி, டியூப்லைட் போட்டிருந்தோம்.

இடது கோடு சுலபமாக முடிந்தது. வலது கோட்டில் ஏற்றும்போது அவள் நாற்காலிக் கையைப் பிடித்தாள்.

"எரியுதா?"

"எரியல. உள்ளார யாரோ புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்குது."

"அப்படித்தான் இருக்கும்."

ஜரீனா குனிந்து பார்த்தாள். "சார், வலது பக்கம் கொஞ்சம் வெளுத்தாப்ல இருக்குதே."

"மருந்தே வெள்ளைதானே ஜரீனா. டியூப்லைட் வேற."

அது முழுப் பொய்யும் இல்லை. அந்த மருந்தை ஏற்றியதும் தோல் சற்று வெளுப்பாகத் தெரியும். எது மருந்தின் வெள்ளை, எது ரத்தமில்லாத வெள்ளை என்று பிரித்துக் காட்டத்தான் சீஃப் விரலால் அழுத்தி எண்ணினார். இரண்டு விநாடி போதும். ஒரு விரல் போதும்.

என் விரல்கள் சம்புடத்துக்குப் போயின. பிரதோஷமாயிற்றே என்று மூன்று விரலால் நெற்றி முழுக்கப் பட்டையாகவே இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

"டாக்டர், ஃபீஸ் எவ்ளோ?" என்றாள் உண்ணாமலை.

"வர்றப்ப நந்தி அபிஷேகப் பால் கொண்டாங்க, போதும்."

ஜரீனா சிரித்தாள். உண்ணாமலை கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். வெளுப்பு விபூதிக்கு அடியில் போய்விட்டது. நான் போட்ட வெள்ளையைத்தான் அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் கோயிலுக்குப் போனாள்.

வீட்டில் பார்த்தபோது, "நெத்தி விண்ணு விண்ணுனு தெறிக்குதுங்க" என்றாள். கூட்டத்தில் நின்றது, வெயில் என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தேன். விபூதியோடேயே படுத்துத் தூங்கினாள்.

காலையில் முகம் கழுவிவிட்டுத் துண்டோடு வந்து நின்றாள். "ஏங்க, இது என்னா மை கொட்டின மாதிரி?"

வலது புருவத்திலிருந்து நெற்றி நடுவரை ஊதா நிறத்தில் வலை பின்னியது போல இருந்தது. விரலை வைத்து அழுத்தி எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினைந்து வரை எண்ணினேன். நிறம் மாறவில்லை.

"என்னா எண்ணுறீங்க?"

"அந்தப் பேப்பரை எடுத்துப் படி. இடது கண்ணை மூடிக்கோ."

"எதுக்கு?"

"படின்னா படி!"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படித்தாள். சாத்தனூர் அணையின் நீர்மட்டம். ஒரு எழுத்து தவறாமல் படித்தாள். கண் தப்பியது.

சீஃபுக்குப் போன் செய்தேன்.

"எப்ப போட்டே?"

"நேத்து நாலு மணிக்கு மேடம்."

"இப்ப ஏழு. பதினஞ்சு மணி நேரம்." பிறகு கேட்டார்: "நெத்தியை மூடினியா?"

"மூடினேன் மேடம்."

"எதால?"

"விபூதி."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடு, மெல்ல நீவிவிடு, நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுக்கும் களிம்பை வேலூரில் விசாரித்து வாங்கித் தடவு, குழாய் கொஞ்சம் விரியலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நேற்றே செய்திருக்க வேண்டியவை என்பதையும் சொன்னார். இந்த மருந்தைக் கரைக்க ஒன்றும் கிடையாது என்பது எனக்கே தெரியும். வைப்பதற்கு முன் சொன்னார்: "உன் சம்சாரத்துகிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லிடு. இன்னைக்கே சொல்லு. நாளைக்குன்னா வாய் வராது."

அடுப்படிக்குப் போனேன். உண்ணாமலை வெந்நீர்த் துணியை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மேடம் என்னா சொன்னாங்க?"

"உன் உடம்புக்கு ஒத்துக்கலியாம்."

யோசித்துச் சொல்லவில்லை. தினமும் நோயாளிகளிடம் சொல்லும் வார்த்தை, தானாக வந்துவிட்டது. வந்த பிறகு அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

"எது ஒத்துக்கல?"

"அதுல மரத்துப்போற மருந்து கலந்திருக்குது. சில பேருக்கு அது ஒத்துக்காது."

"கையில போட்டப்ப ஒண்ணும் ஆகலயே?"

"கை வேற, நெத்தி வேற."

அவள் துணியை மறுபடி வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள்.

மூன்றாம் நாள் அந்த இடம் கறுத்தது. பிறகு பொருக்குத் தட்டியது. பொருக்கு விழ ஒன்றரை மாதம் ஆயிற்று. தினமும் நானே கட்டு மாற்றினேன். அவள் பள்ளிக்கு நீண்ட விடுப்புப் போட்டாள். அந்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு அவள் பாடம் எடுக்கவில்லை. ஆறியபோது வலது புருவத்தை ஒட்டி, சுண்டுவிரல் நுனி பதியும் அளவுக்கு ஒரு குழி. இடது கோடு சொன்னபடியே ஐந்து மாதத்தில் திரும்பி வந்தது. வலது கோடு வரவே இல்லை.

பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள் சாயங்காலம், செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "புள்ளைங்க பேரை மாத்திட்டாங்க. இப்ப ஒத்தைக்கோடாம்." சிரித்தாள். நானும் சிரிப்பது போலச் செய்தேன்.

அந்த வாரமே சம்புடத்தை மேசையிலிருந்து எடுத்து வீட்டு அலமாரியில் வைத்தேன். ஃபில்லர் போடுவதையும் நிறுத்தினேன். கேட்டவர்களிடம் மருந்து வருவதில்லை என்றேன். உண்ணாமலை பெரிய பொட்டு வைக்க ஆரம்பித்தாள். விசாரித்த அக்கம்பக்கத்தாரிடம் அவளே சொல்வாள்: "என் உடம்புக்கு ஒத்துக்கலீங்க. அவரு என்னா பண்ணுவாரு?" நான் பக்கத்திலேயே இருப்பேன்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை இதை எழுதாமல் இருந்திருப்பேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து அவளுக்குக் கடைவாய்ப்பல் ஒன்று ஆட ஆரம்பித்து வீங்கியது. பெரிய தெருவில் ஒரு பல் டாக்டரிடம் போனோம். இளவயதுக்காரர், மரியாதையானவர்.

"மரத்துப்போற ஊசி போட்டுடறேம்மா. ஒண்ணும் தெரியாது."

"வேணாங்க. எனக்கு அந்த ஊசி ஒத்துக்காது. சாரைக் கேளுங்க."

பல் டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்படியா சார்? கொஞ்சமா டெஸ்ட் டோஸ் போட்டுப் பாத்துடலாமா?"

உண்ணாமலையும் என்னைப் பார்த்தாள். அதற்குள் வாயில் பஞ்சு வைத்துவிட்டார்கள். அவளால் பேச முடியாது. பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று இப்போது சொல்ல முடியாது. ஒருவர் ஒரு வார்த்தை சொல்லத் தேவையான நேரத்தைவிட ஜாஸ்தி.

"வேணாம் டாக்டர்" என்றேன். "ரிஸ்க் எடுக்க வேணாம்."

"ஆடுற பல்லுதான், ஒரே இழுப்பு" என்று அவர் தைரியம் சொன்னார். ஆனால் வேர் உடைந்து உள்ளே நின்றுவிட்டது. அதை எடுக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அவள் கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நகம் பதிந்த இடத்தில் நான்கு பிறை விழுந்து, ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் புது மருந்து ஊருக்கு வந்தது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி கொண்டுவந்து காட்டினார். மாட்டுத் தோல் இல்லை. நம் தோலிலேயே ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஹயலூரானிக் அமிலம். தெளிந்த கூழ் போல இருந்தது. கையில் போட்டுப் பார்த்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. முக்கியமாக, தவறு நடந்தால் கரைக்க ஒரு ஊசியும் உண்டு.

"தழும்புக் குழியைக்கூட தூக்கி விடலாம் சார்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து உண்ணாமலையிடம் சொன்னேன். அவள் முறத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இந்தக் குழியை மேலே கொண்டுவந்துவிடலாம், இது வேறு மருந்து, பயமில்லை என்றெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு நிமிராமலே கேட்டாள்.

"மரத்துப்போற மருந்து போடாமலா போடுவீங்க? எனக்குத்தான் ஒத்துக்காதே."

ஒரு ஈர்க்கை உருவி இலைகளை முறத்தில் உதிர்த்தாள். அடுத்த ஈர்க்கை எடுத்தாள்.

"உண்ணாமலை, அன்னைக்கு உன் உடம்புக்கு ஒத்துக்காம இல்ல. நான்தான் ஒத்துக்கல. வெளுத்திருக்குதுன்னு ஜரீனா சொன்னா. அழுத்திப் பாத்திருக்கணும். பாக்காம விபூதியை வெச்சு மூடிட்டேன். மேடம் உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல."

"தெரியும்" என்றாள்.

"ஜரீனா சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. கையில போட்டப்ப ஒத்துக்கிட்ட உடம்பு நெத்தியில போட்டா எப்படி ஒத்துக்காம போவும்? கணக்கு வரலயே. அப்புறம் சம்புடம் வீட்டுக்கு வந்துச்சு. கணக்கு வந்துட்டுது."

"பல்லு பிடுங்கினப்ப?"

"அப்பவும் தெரியும்."

"தெரிஞ்சுமா அந்த வலியைத் தாங்கிக்கிட்ட?"

கையிலிருந்த ஈர்க்கை முறத்தில் வைத்தாள். "அப்பவாவது சொல்வீங்கன்னு பாத்தேன்."

நான் எழுந்து போய்ப் பின்கட்டில் நின்றேன். அவள் என் பின்னால் வரவில்லை. சற்று நேரம் கழித்து, சாப்பிடக் கூப்பிட்டாள். குழியை நிரப்புவது பற்றி அதற்குப் பிறகு நான் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. புது மருந்தையும் நான் யாருக்கும் போடவில்லை.

பிரியா, கரைக்கும் ஊசி இருப்பது பெரிய விஷயம்தான். எனக்கு அது இருந்திருந்தால் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் வெளுத்திருப்பதைப் பார்த்தவர்தான் அதைக் கையில் எடுப்பார். கண்ணுக்குப் போய்விட்டால் அதுவும் அநேகமாக உதவாது. நெற்றியைத் துடைத்து வையுங்கள். விரலால் அழுத்தி எண்ணுங்கள். பேப்பர் படிக்கச் சொல்லுங்கள். தவறு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். 'உடம்புக்கு ஒத்துக்கல' என்ற வார்த்தையை நாம் எல்லோரும் தினமும் சொல்கிறோம். சொல்வதற்கு முன்னால் ஒரு முறை, யார் ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு பழைய படம் இருக்கிறது. பள்ளி ஆண்டுவிழாவில் எடுத்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். இரண்டு கோடுகளும் தெளிவாகத் தெரிகின்றன. மின்கட்டணச் சீட்டைப் படிக்கும்போதும், நான் ஏதாவது சாக்குச் சொல்லும்போதும் அந்தக் கோடுகள் வரும். வருஷக்கணக்கில் என் எதிரிலேயே இருந்தவை. எடுத்துவிட வேண்டும் என்றுதான் அவற்றைப் பார்த்தேனே தவிர, பார்ப்பதற்காக ஒரு நாளும் பார்க்கவில்லை. இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன்.

கீரை ஆய்ந்த அன்றைய பேச்சு நடந்து இரண்டு வருஷத்தில் அவளுக்குப் பித்தப்பையில் கல் வந்தது. அறுவைச் சிகிச்சைக்கு வேலூருக்குக் கூட்டிப்போனேன். சேர்க்கும்போது ஒரு பயிற்சி மருத்துவர் படிவத்தோடு வந்தார்.

"அம்மாவுக்கு ஏதாவது மருந்து, ஊசி ஒத்துக்காதா?"

"சாரைக் கேளுங்க" என்றாள் உண்ணாமலை.

பல் டாக்டரிடம் பார்த்த அதே பார்வை.

"எல்லாம் ஒத்துக்கும் டாக்டர்" என்றேன். "மரத்துப்போற ஊசி ஒத்துக்காதுன்னு ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டிருந்தோம். அது பொய். நானும் டாக்டர்தான். நான் தப்பா ஊசி போட்டு இவங்க நெத்தி புண்ணாச்சு. அதை மறைக்க அப்படிச் சொன்னேன்."

அந்த இளம் மருத்துவர் படிவத்தை என்னிடமே நீட்டி, "எழுதிடுங்க சார்" என்றார். ஒவ்வாமை என்ற இடத்துக்கு நேராக 'இல்லை' என்று எழுதினேன்.

"குடுங்க, பாக்கலாம்" என்று உண்ணாமலை அதை வாங்கினாள். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். படிவத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். இடது பக்கம் கோடு விழுந்தது. வலது பக்கம் குழி மட்டும் மெல்ல அசைந்தது. பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, நான் எழுதியதன் பக்கத்தில், விடைத்தாளில் போடுவது போலவே ஒரு சரி போட்டுப் படிவத்தை அந்தப் பையனிடம் கொடுத்தாள்.

சில வருஷம் கழித்து அவள் காலமான பிறகு, ஒரு முறை வேலூருக்குப் போய் அந்தப் படிவம் கிடைக்குமா என்று கேட்டேன். பழைய தாள்களையெல்லாம் கழித்துவிட்டோம் என்றார்கள். எதற்கு சார், இன்ஷூரன்ஸுக்கா என்று கேட்டார்கள். இல்லை, அதில் என் மனைவி கையெழுத்து மாதிரி ஒன்று இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.